கொரியாக்காரனின் தகப்பன்

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் அக்கிராசனர் ராஜகுரு அவர்களே! தறியை நிறுத்திவிட்டுத் தமிழ் கேட்க வந்திருக்கும் அருப்புக்கோட்டை நெசவாளப் பெருமக்களே! பருத்திக்காட்டுப் புழுதி காலில் இருக்க, பரளச்சியிலிருந்தும் ரெட்டியபட்டியிலிருந்தும் வண்டி கட்டி வந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, இந்த மனிதன் எப்போது முடிப்பான் என்று இப்போதே என் முகத்தைப் பார்க்கும் தாய்மார்களே! வாசகசாலையை வளர்க்கும் வாலிபர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தச் சுவாமிதாஸின் வணக்கம்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்து, காயத்துக்குக் கட்டுக் கட்டியவன் நான். ஜப்பான்காரன் வந்தான். தோட்டத்துக் கூலிகளைச் சயாம் காட்டுக்கு, ரயில் பாதை போட, ஓட்டிக்கொண்டு போனான். மருந்துப் பெட்டியோடு என்னையும் சேர்த்து ஏற்றினான். மேடையில் கண்ணீர் வடிக்கும் வழக்கம் எனக்கில்லை. கட்டுகிறவன் அழுதால் கட்டுக் கோணிப் போகும்.

'கொரியா நாட்டில் பெற்றோர் பக்தி, இன்றைய நிலை' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். கொரியா எங்கே இருக்கிறது என்று அங்கே ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். கல்கத்தாவையும் கடந்து, சீனத்தையும் தாண்டிப் போக வேண்டும். பஸ்ஸு கிடையாது. நானும் அந்த நாட்டைக் கண்டதில்லை. அந்த நாட்டான் ஒருவனைக் கண்டேன். அவனை வைத்துத்தான் பேசப் போகிறேன்.

பேச வந்த காரியத்தை ஒளித்து வைத்துப் பேச எனக்குத் தெரியாது. அந்த ஒருவன் இன்று சிங்கப்பூர்ச் சிறையில் இருக்கிறான். பத்து வருஷத் தண்டனை. அவனை விடச் சொல்லி ஒரு மனு எழுதியிருக்கிறேன். என் கையெழுத்து விழுந்துவிட்டது. இன்னும் ஒரு கைநாட்டு வேண்டும். அது பரளச்சி மொக்கையனுடைய கைநாட்டு. மொக்கையன் இதோ, பந்தல் காலில் சாய்ந்து நிற்கிறார். உங்கள் கதையை மேடையில் சொல்லலாமா என்று அவரிடமே கேட்டேன். "சொல்லிட்டுப் போங்க. கைநாட்டு மட்டும் கேக்காதீக" என்றார். ஆகவே சொல்கிறேன்.

பரளச்சியில் நாலு ஏர் கட்டி உழுத சம்சாரி கோட்டைச்சாமி. அவருக்கு ஒரே மகன் மொக்கையன். மகன் ஒரு பெண்ணைக் கேட்டார், தகப்பன் மறுத்தார். பேச்சு முற்றியது, மகன் மலாய்க்குக் கப்பலேறினார். ஏறிப் போனால் பரவாயில்லை. வாசல் தாண்டும்போது ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போனார். "நீ செத்தாலும் கொள்ளி வைக்க வரமாட்டேன்" என்றார். தாய்மார் பக்கம் உச்சுக் கொட்டுகிறீர்கள். கொட்டுங்கள். சொன்னவரும் அன்று முதல் உள்ளுக்குள் உச்சுக் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

சயாம் காட்டில் எங்கள் கொட்டகைக்கு ஒருநாள் ரெட்டியபட்டி நல்லகண்ணு வந்து சேர்ந்தார். யுத்தத்துக்கு முந்திய கடைசிக் கப்பலில் ஊரிலிருந்து மலாய்க்கு வந்தவர் அவர். மொக்கையனைப் பார்த்ததும், உங்கய்யா போன புரட்டாசியில் காலமாகிவிட்டார் என்று ஆரம்பித்தார். பிறகு விரலை மடக்கிக் கணக்குப் பார்த்து, போன புரட்டாசி இல்லை, அதற்கும் முந்தின புரட்டாசி என்றார். கொள்ளி வைத்தவன் ஒரு பங்காளி வீட்டுப் பையனாம்.

மொக்கையன் என்னிடம் வந்து சவரக்கத்தி கேட்டார். இரண்டு வருஷம் கழித்தா மொட்டை என்று கேட்டுவிட்டேன். அதற்கு அவர் சொன்னார்: "எனக்கு எங்கய்யா இன்னைக்குத்தான் செத்தாக." கத்தியைக் கொடுத்தேன்.

எங்களுக்குக் காவலாக இருந்தவன் ஜப்பான்காரன் அல்லன், கொரியாக்காரன். அவன் நாடும் ஜப்பானுக்கு அடிமை. நாம் இன்னொருவனுக்கு அடிமையாயிருந்தது போலத்தான். அவனுக்கு ஜப்பான் வைத்த பெயர் ஒன்று, அப்பன் வைத்த பெயர் ஒன்று. அப்பன் வைத்தது கிம் என்னும் குடும்பப் பெயரோடு சேர்ந்தது. நானும் கிம் என்றே சொல்கிறேன். அவனிடம் போய், எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், ஒருவனுக்குத் தகப்பன் செத்த செய்தி வந்திருக்கிறது, இன்று அரைநாள் விடு என்றேன். கேட்டதும் தொப்பியைக் கழற்றினான். சரி, போகச் சொல் என்றான்.

அரைநாள் கழிந்தது. மொக்கையன் ஆற்றில் முழுகி எழுந்து வந்தார். தலை மொட்டை. மீசை இல்லை. கிம் பார்த்தான். பார்த்தவன் முகம் கறுத்தது. விட்டான் அறை! இடக்கன்னத்தில் ஒன்று, வலக்கன்னத்தில் ஒன்று. அறுபது பேர் பார்க்க, துக்கம் கொண்டாடுகிற மகன் சேற்றில் விழுந்தார்.

ஏன் அடித்தான்? வெறியா? வேலைக்குப் பிந்தியதாலா? இல்லை, ஐயா, இல்லை! அவன் நாட்டில் தகப்பன் செத்தால் மகன் தலையில் கத்தி படக்கூடாது. சீப்புப் படக்கூடாது. மயிரும் தோலும் பெற்றவர் கொடுத்தவை, அவற்றைக் குறைப்பது அவர்களையே குறைப்பது. முரட்டுத் துணி உடுத்து, முடியை விரித்துப் போட்டு, மூன்று வருஷம் துக்கம் காப்பான். அந்த மூன்று வருஷமும் தன்னைப் பாவி என்றே சொல்லிக்கொள்வான், பெற்றவரைச் சாகவிட்ட பாவி என்று. அப்படிப்பட்ட நாட்டான் கண்ணில், அப்பன் செத்த அன்று மழமழவென்று சிரைத்துக் குளித்து வருகிறவன் யார்? கலியாணத்துக்குப் புறப்பட்டவன்! இங்கே மழித்தால் மகன், அங்கே மழித்தால் மாபாதகன். பின்னால் சிரிக்கிறீர்கள். அன்று அங்கே சிரிப்பு வரவில்லை.

ஓடிப்போய் விளக்கினேன். எங்கள் நாட்டில் இதுதான் துக்கம், இதுதான் மரியாதை என்று கையாலும் வாயாலும் சொன்னேன். கிம் மண்டியிட்டு, நெற்றி சேற்றில் படும்படி மொக்கையனை நோக்கிக் கவிழ்ந்தான். ஆனால் மொக்கையன் அதைப் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு கொட்டகைக்கு நடந்துவிட்டார். கும்பலும் வேலைக்குத் திரும்பியிருந்தது. பார்த்தவன் நான் ஒருவன்.

அன்று மாலை என் மருந்துக் கொட்டகைக்கு வந்தான் கிம். அவனும் ஒரே மகனாம். தகப்பன் அறுபது கடந்த விவசாயி. பாட்டன் முப்பாட்டன் பெயரை மாற்றச் சொல்லி அரசாங்க உத்தரவு வந்தபோது, கிழவர் முன்னோரைக் கும்பிடும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாராம். பெயர் போயிற்று. பிறகு மகனைக் காவல் வேலைக்குப் பிடித்துப் போனார்கள், தலையை ஒட்ட வெட்டினார்கள். முடி போயிற்று. ஊர் போயிற்று. நான் கேட்டேன், பெயரும் முடியும் போன பிறகு உன்னிடம் பெற்றோர் பக்தி என்று என்னதான் மிச்சம் என்று. புண்ணைக் குத்துகிற கேள்விதான். ஆனால் இன்று நீங்கள் எனக்குக் கொடுத்த தலைப்பும் அதுதானே? அவன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "இந்த உடம்பு இருக்கிறது. இதைச் சிதையாமல் கொண்டுபோய் அவர் முன்னால் நிறுத்த வேண்டும். அவர் போகிற அன்றைக்கு நான் பக்கத்தில் இருக்க வேண்டும்" என்றான். பிறகு, தான் அடித்தவனுக்குத் தாய் இருக்கிறாளா என்று கேட்டான். இருக்கிறாள் என்றேன்.

மறுநாள் காலை, மரம் இழுக்கும் கும்பலிலிருந்து மொக்கையனைப் பிரித்து, என் கொட்டகையில் வெந்நீர் காய்ச்சும் வேலையில் போட்டான். உத்தரவு இல்லாமல் செய்த மாற்றம். அதற்காக ஜப்பான் சார்ஜென்ட் அவனை எல்லோர் முன்னும் அறைந்தான். மாதம் திரும்புவதற்குள் மழை பிடித்தது, கூடவே வாந்திபேதி வந்தது. ஆற்றுத் தண்ணீர் குடித்தவர் செத்தார், காய்ச்சிய தண்ணீர் குடித்தவர் பிழைத்தார். மரம் இழுக்கப் போன அறுபது பேரில் திரும்பியவர் ஒன்பது பேர். நல்லகண்ணு திரும்பவில்லை.

யுத்தம் முடிந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். காவல்காரர்களைப் பிடித்து விசாரித்தான். கப்பலுக்குக் காத்திருந்த எங்களை ஒரு துரை கூப்பிட்டு, கிம்மின் படத்தைக் காட்டி, இவன் அடித்தானா என்று கேட்டார். அடித்தான் என்றார் மொக்கையன். நீ பார்த்தாயா என்றார் என்னை. பார்த்தேன் என்றேன். எழுதிக்கொண்டார், ஒப்பம் வாங்கினார். வேறு ஏதாவது உண்டா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? வாயில்லையா? மலாய் தெரியாதா? இங்கிலீஷ் தெரியாதா? எல்லாம் தெரியும். கப்பல் போய்விடுமோ என்ற பயம், அவ்வளவுதான். அந்தச் சாட்சியின் மேல்தான் அவனுக்குப் பத்து வருஷம் விழுந்தது. ஒரு தகப்பனிடம் மகன் போய்ச் சேராதபடி நான் குறுக்கே படுத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பெரியோர்களே! பெற்றோர் பக்தி என்பது மயிரா? பெயரா? முரட்டுத் துணியா? அவன் நாட்டு வழக்கம் அவனோடு, நம் நாட்டு வழக்கம் நம்மோடு. ஆனால் பெற்றவர் கண் மூடுமுன் பிள்ளை பக்கத்தில் நிற்க வேண்டும் என்னும் தவிப்பு இருக்கிறதே, அது கொரியாவிலும் உண்டு, கரிசல் காட்டிலும் உண்டு. அரைச் சாட்சி சொல்லி வந்தவன் மீதிச் சாட்சியைச் சொல்கிறேன். மொக்கையன் அவர்களே, கேட்க வேண்டாம் என்றீர்கள். கேட்கிறேன். இந்தக் காகிதத்தில் உங்கள் கைநாட்டு வேண்டும்.

அமைதி! அமைதியாக இருங்கள், அவர் பேசுகிறார். "டிரஸ்ஸரய்யா, வெந்நீர் வேலையில போட்டதும் நெசம், நான் பொழச்சதும் நெசம். அடி வாங்குனதுக்காகச் சொல்லலை. சயாமில எல்லாப் பயலுந்தான் அடிச்சான். அவன் அடிச்சது எங்கய்யா செத்த அன்னைக்கு. அவுகளுக்காக நான் செஞ்சது அந்த ஒரு மொட்டைதான். அதையும் சேத்துல தள்ளுனான்."

கேட்டீர்களா? இதுவும் பெற்றோர் பக்திதான். அவர் நியாயத்தை நான் எப்படிக் குறை சொல்வேன்?

தாய்மார் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்திருக்கிறார். வாலிபர்களே, வழி விடுங்கள். முத்துத்தாய் அம்மாள், கோட்டைச்சாமியின் சம்சாரம், மொக்கையனைப் பெற்றவர். சொல்லுங்கள் அம்மா, இங்கே கேட்கிறது.

"எய்யா, உங்கய்யாவுக்குக் கொள்ளி வைக்க நீ வரலை. கடைசி வரைக்கும் வாசலைத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தாக. அந்தப் பயலாவது அவுகய்யாவுக்குக் கொள்ளி வைக்கப் போகட்டும்யா."

கொரியாவில் எரிப்பதில்லை, புதைப்பார்கள். அதை இந்த அம்மாளிடம் திருத்திச் சொல்ல நான் ஆள் இல்லை.

கட்டுகிறவன் அழுதால் கட்டுக் கோணிப் போகும் என்றேன். போகட்டும், இன்று ஒருநாள்.

மொக்கையன் பந்தல் காலை விட்டு வருகிறார். வாருங்கள், படியில் பார்த்து ஏறுங்கள். அக்கிராசனர் அவர்களே, அந்த மைப்பெட்டியை இப்படித் தள்ளுங்கள். எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று கேட்கிறார். இங்கே, என் பெயருக்கு மேலே வையுங்கள். நீங்கள் அடி வாங்கியவர், நான் வெறும் சாட்சி. இந்தக் காகிதத்தை எந்தத் துரை படிப்பானோ, எந்தக் குமாஸ்தா குப்பையில் போடுவானோ, எனக்குத் தெரியாது. நாளைக் காலைத் தபாலில் போகும்.

இதற்குமேல் இங்கே பேச்சுக்கு வேலையில்லை. பொறுமையாய்க் கேட்ட அவையோருக்கும், கேட்டுக் கலங்கிய தாய்மார்களுக்கும், மேடை கொடுத்த வாசகசாலைக்கும் என் நன்றி. கடலுக்கு அப்பால், இன்னும் உயிரோடிருந்தால் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற முகம் தெரியாத அந்தப் பெரியவருக்கும் சேர்த்து, வணக்கம்.