இரண்டு விரல் இடைவெளி

ரவிக்கையில் பின்கழுத்து தூக்கி நின்றால் எல்லோரும் தையல்காரியைத்தான் திட்டுவார்கள். பத்துச் சட்டையில் ஒன்பதில் கோளாறு துணியில் இருக்காது, போடுகிறவர் முதுகில் இருக்கும். நாள் முழுக்கத் தோளைக் குவித்துக் குனிந்தே உட்காருகிறவர்களுக்கு எந்தச் சட்டையும் பின்னால் ஒட்டாது. தோள் தையலைக் கழுத்துப் பக்கம் கொஞ்சம் ஏற்றிப் பிடித்து, பின்கழுத்தில் இரண்டு சின்ன மடிப்பு வைத்தால் சரியாகிவிடும். அரை மணி நேர வேலை.

அந்த அரை மணி நேர வேலையை உன் அம்மாவுக்காகப் பத்தொன்பது வருடம் செய்தேன். ஒரு சட்டையைக்கூட அக்கா முதல் தடவையிலேயே சரி என்று வாங்கிப் போனதில்லை.

இப்போது அவள் சட்டைகளையெல்லாம் கொண்டுவந்து என் வெட்டுமேசையில் உள்புறம் திருப்பிப் பரப்பியிருக்கிறாய். பழையவற்றில் கழுத்தின் உள்பட்டி வெள்ளை. கடைசி இரண்டு வருடத்துச் சட்டைகளில் மட்டும் அரக்கு நிறம். "ஏன் சித்தி கலர் மாத்தினீங்க? உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்கிறாய். நல்ல கண் உனக்கு. இந்தத் தொழிலுக்கு வந்திருந்தால் பிழைத்துக்கொள்வாய். உட்கார், சொல்கிறேன்.

நான் கடை போட்ட புதிதில் ஒரு தலைமை ஆசிரியை வந்தார். அவருடைய பள்ளி ஆசிரியைகள் எல்லோருக்கும் நானே தைப்பதாகப் பேச்சு. துணி மேசைக்கு வந்துவிட்டது. அப்போது உன் அம்மா உள்ளே நுழைந்தாள். தன் பின்கழுத்தில் இரண்டு விரலை நுழைத்துக் காட்டி, "பாருங்க டீச்சர், ரெண்டு விரல் தாராளமாப் போகுது. இவளுக்குப் பின்கழுத்தே வராது. தங்கச்சியாச்சேன்னு நானும் குடுத்துட்டிருக்கேன்" என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு யார் இருந்தாலும் அந்த இரண்டு விரல் வந்துவிடும். அவள் கெட்டவள் இல்லை. தமாஷ் என்று நினைத்தாள்.

அவள் பின்கழுத்தில் ஒரு மச்சம் உண்டு. பின்னல் விழுந்து மறைக்கும் இடம். உன் அப்பாவுக்கு அவள் சமையல் தெரியும், முதுகு தெரியாது. நீ படிப்பென்று வெளியூரில் இருந்தாய். அந்த இடத்தை ஒழுங்காகப் பார்க்கிற ஒரே ஆள் நான்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அளவெடுக்கும்போது, அது சட்டைப் பொத்தான் அளவுக்கு வளர்ந்திருந்தது. ஓரம் கோணல்மாணலாக, கை நடுங்கி வெட்டிய துணிபோல இருந்தது. "பின்னாடி உறுத்துதுடி, உன் தையல் லட்சணம்" என்றாள். அவள் கழற்றிக் கொடுத்த சட்டையின் வெள்ளைப் பட்டியில் இரண்டு புள்ளி ரத்தம் இருந்தது.

கடைக்கு வரும் நர்ஸிடம் வேறு யாருக்கோ போலக் கேட்டேன். "வளர்ற மச்சம், கசியிற மச்சம்னா உடனே டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க. இப்பவே வெட்டி எடுத்துட்டா பயமில்ல. விட்டா உள்ள பரவிடும்" என்றார். சொல்கிறேன் என்றேன்.

அன்று மாலையே உட்கார்ந்து, பின்கழுத்தை ஒரு விரற்கடை உயர்த்தி, மச்சத்தில் படாத மாதிரி உள்ளே குழிவாக வெட்டி, மெல்லிய அரக்குத் துணியில் பட்டி வைத்துத் தைத்தேன். அரக்கில் ரத்தம் தெரியாது. இதுவரை நான் தைத்ததிலேயே அருமையான கழுத்து அதுதான். உன் அம்மா போட்டுப் பார்த்தாள். விரலை நுழைத்துப் பார்த்தாள். போகவில்லை. "இப்பதான்டி தைக்கக் கத்துக்கிட்டிருக்கே" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகப் பத்தொன்பது வருடம் காத்திருந்தேன். அடுத்த சட்டையும் அப்படியே தைத்தேன். அதற்கடுத்ததும்.

ஒருநாள் அவளே தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "இங்க என்னடி தடிப்பா இருக்கு? டாக்டர்கிட்ட காட்டட்டுமா?"

அப்போது நான் வாயை மூடிக்கொண்டிருந்தாலே போயிருப்பாள். "பழைய சட்டை உரசி உரசி ஆன தழும்புக்கா அது. என் தையல்தான் தப்பு" என்றேன்.

அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. மச்சத்தை மறந்தே போனாள். "ஒத்துக்கிட்டியா, கடைசில ஒத்துக்கிட்டியா" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்குப் போய் உன் அப்பாவிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாளாம். டாக்டரிடம் போகவில்லை.

பதினான்கு மாதம் கழித்துக் கழுத்தில் கட்டி வந்தபோதுதான் போனாள். முன்னாலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது நீ அழுதாய். உன்னைத் தோளில் சாய்த்துக்கொண்டவள் நான்தான்.

தெரியுமா என்று கேட்டாய். தெரியும். பார்த்த அன்றிலிருந்தே தெரியும். தெரிந்துதான் சாக விட்டேன். யாரிடம் வேண்டுமானாலும் போய்ச் சொல், கேட்டால் அவர்களிடமும் இதையே சொல்வேன்.

ஒன்றை மட்டும் சரியாகச் சொல். என் தையல்தான் தப்பு என்று உன் அம்மாவிடம் சொன்னது பொய். நான் தைத்த எந்தக் கழுத்திலும் தப்பு இருந்ததில்லை. அப்படி ஒரு பொய்யைச் சொன்னேனே என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.