கேட்டு அத்தை

ஆட்டத்துக்கு முதலில் தரை நன்றாக இருக்க வேண்டும். பாட்டு, விளக்கு எல்லாம் அப்புறம்தான். வழவழவென்று மெழுகிவிட்டால் பிள்ளைகள் வழுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொள்வார்கள். சொரசொரப்பாக விட்டால் கணுக்கால் பிசகும். ஈரத்துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, நானே செருப்பில்லாமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்ப்பேன். ஒரு குண்டூசி காலில் பட்டாலும் வாசலைத் திறக்க மாட்டேன்.

உட்காரச் சொல்கிறீர்கள். பரவாயில்லை, நின்றபடியே சொல்கிறேன். உட்கார்ந்தால் எனக்குக் கால் துடிக்கும். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அப்பா சொல்வார். நான் இப்படி அங்குமிங்கும் நடப்பது உங்கள் எழுத்தருக்குத் தொந்தரவாக இருந்தால் சொல்லட்டும், சுவரோரமாக நடக்கிறேன்.

எனக்கு முன்னால் எங்கள் ஊர்ச் சங்கக் கூடத்தில் ஆட்டம் நடத்தியவர்களை உங்களுக்குத் தெரியாது. ஒருத்தனுக்கு மூக்கு உடைந்தது. சன்னல் கண்ணாடி மூன்று போயிற்று. சங்கத் தலைவர் கூடத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அதன் பிறகு சனிக்கிழமையானால் பிள்ளைகள் பெட்ரோல் பங்குக்குப் பின்னால் கூடினார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். திங்கட்கிழமை காலை அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாலே சனிக்கிழமை என்ன நடந்தது என்று தெரிந்துவிடும்.

வீடு வீடாகப் போனேன்.

"வயசுப் பொண்ணை ஆட அனுப்பணுமா? நல்லா இருக்கு டீச்சர் கதை" என்றாள் ஒருத்தி, கதவைப் பாதி சாத்திக்கொண்டே.

"உங்க பொண்ணு இப்பவே ஆடிக்கிட்டுத்தாம்மா இருக்கா. எங்கேன்னுதான் உங்களுக்குத் தெரியாது. என் கண்ணு முன்னால ஆடட்டுமே" என்றேன்.

அவள் கதவைத் திறந்தாள். அப்படித்தான் ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

சங்கத் தலைவர்தான் கடைசி. கல்லில் நார் உரிக்கிற மாதிரி அவரிடம் பேசினேன். சாவியைக் கையில் கொடுக்கும்போது ஒன்று சொன்னார்: "டீச்சர், போலீஸோ ஆம்புலன்ஸோ, ஒரே ஒரு தடவை இந்த வாசல்ல சைரன் சத்தம் கேட்டா அன்னைக்கோட ஆட்டம் குளோஸ். அப்புறம் இது மீட்டிங் ஹால்தான். என்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

கேட்காது என்றேன். கேட்கவும் இல்லை. ஆறு வருஷமாக, ஒரு சனிக்கிழமைகூட.

அதற்குக் காரணம் ஒழுங்கு. மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் தொடங்கினால், இருட்டுவதற்குள் முடித்துவிடுவேன். பை, போன், பாட்டில், சென்ட் எதுவும் உள்ளே வராது. வாசலறையில் போஸ்ட்மேன் மாமா உட்கார்ந்திருப்பார். ஓய்வு பெற்றவர், வாழ்நாளெல்லாம் ஊரார் பொருளைப் பத்திரமாகக் கொண்டுசேர்த்த மனிதர். பையை அவரிடம் கொடுத்தால், எண் போட்ட ரப்பர் வளையம் ஒன்றைக் கையில் மாட்டிவிடுவார். போகும்போது வளையத்தைக் கொடுத்தால் பை கிடைக்கும். திரும்பி வரும் வளையங்களை ஒரு வாளியில் வீசிவிட்டுப் போய்விடுவார். மறுநாள் காலையில் நான்தான் துடைத்து, எண் பார்த்து, பலகை ஆணியில் மாட்டுவேன். சின்ன வேலைதான். ஆனால் கலைந்து கிடந்தால் எனக்குத் தூக்கம் வராது.

எல்லாவற்றையும்விடப் பெரிய விதி ஒன்று உண்டு. வெளியே போனால் போனதுதான். மறுபடி உள்ளே கிடையாது. வெளியே போய்த் திரும்புகிறவன் வெறுங்கையோடு திரும்ப மாட்டான். ஒரு பாட்டிலைக் கொண்டுவருவான், இல்லையென்றால் ஒரு சண்டையைக் கொண்டுவருவான். நீங்களும் பிள்ளை பெற்றவர் என்று நினைக்கிறேன். ஒத்துக்கொள்வீர்கள்.

கதவோரம் நிற்பதால் பிள்ளைகள் எனக்குக் கேட்டு அத்தை என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.

இனி அந்தப் பெண்ணைப் பற்றி.

பம்பரம் என்பார்கள். ஒற்றைக் காலில் சுழன்றால் பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும், அவளுக்குச் சுற்றாது. அம்மா மருந்துக்கடையில் வேலை. முதல் நாள் மகளைக் கையோடு கூட்டிவந்து என்னிடம் விட்டாள். "அக்கா, இவளுக்கு வீசிங் இருக்கு. இன்ஹேலர் பையிலதான் கிடக்கும். கேட்டா உடனே குடுத்துடச் சொல்லுங்க" என்றாள். போஸ்ட்மேன் மாமாவிடம் சொல்லி வைத்தேன். மாமா அந்தப் பையைத் தனியாக, கையெட்டும் தூரத்தில் மாட்டிவைப்பார். இரண்டு தடவை அவள் கேட்டாள், இரண்டு தடவையும் கொடுத்தார். எங்கள் ஏற்பாட்டில் குறை சொல்ல முடியாது.

கூடத்தின் பக்கவாட்டில் ஒரு கதவு இருக்கிறது. உள்ளேயிருந்து குறுக்குக் கம்பியை அமுக்கித் தள்ளினால் திறக்கும், வெளியேயிருந்து திறக்காது. கையகலத்துக்குக் கண்ணாடி பதித்திருக்கும். அதற்கு வெளியே நாற்காலி அடுக்குகிற சின்ன முற்றம், சுற்றிலும் ஆளுயரத்துக்கு மேல் சுவர், தெருவுக்குப் போக ஒரு இரும்பு கேட். கோடையில் ஒரு சனிக்கிழமை, மூச்சு முட்டுகிறது என்று பம்பரம் அந்தக் கதவைத் தள்ளித் திறந்தாள். நானும் பதறிப்போய்ப் பார்த்தேன். அவள் திறந்தது மூச்சுக்காக இல்லை. முற்றத்தில் இரண்டு வெளிப்பையன்கள் நின்றிருந்தார்கள். உள்ளே வந்துவிட்டார்கள்.

வெளியேற்றினேன். அவளையும் சேர்த்துத்தான். அடுத்த வாரம் அம்மா வந்து கெஞ்சினாள், சேர்த்துக்கொண்டேன். நான் கல்நெஞ்சக்காரி இல்லை. முற்றத்து கேட்டுக்கு மட்டும் ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன்.

சேர்த்துக்கொண்ட அன்றைக்கே, பாட்டு மாறுகிற இடைவெளியில், அவள் நடுக்கூடத்தில் நின்று இரண்டு கையையும் விரித்தாள். முகத்தை என்னைப் போல் உம்மென்று வைத்துக்கொண்டாள். இப்படி அப்படி நடந்தாள், நான் நடக்கிற மாதிரியே. "அத்தை பேரு கேட்டு. ஆனா அத்தை எதையுமே கேட்டுக்காது" என்றாள். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். குழந்தைகள்தானே. அன்றிரவு முழுக்க வீட்டில் நடந்துகொண்டே இருந்தேன், அது வெக்கையினால்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தப் பெண்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை என்பது உங்கள் தாளில் தெளிவாக ஏற வேண்டும்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். பிள்ளைகள் ரொம்ப நாளாகக் கேட்டதனால் புகை மிஷின் வாடகைக்கு எடுத்திருந்தோம். சவுண்டு தம்பி மேடையில் உட்கார்ந்து அதையும் பார்த்துக்கொண்டான். கூட்டம் அதிகம். சங்கத் தலைவரே வந்திருந்தார். பக்கத்து ஊர்ச் சங்கத்து ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்து, "எங்க டீச்சர் நடத்துறதைப் பாருங்க, கத்துக்குங்க" என்று காட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் ஊரிலும் ஆட்டம் தொடங்குகிற பேச்சு இருந்தது. எத்தனை பிள்ளைகளுக்கு நல்லது, யோசித்துப் பாருங்கள்.

புகை கொஞ்சம் கூடுதலாகத்தான் போயிற்று. பம்பரம் இருமுவதைப் பார்த்தேன். வாசலறைப் பக்கம் திரும்பினாள், கூட்டம் மறித்தது. பக்கக் கதவு அருகில் இருந்தது. தள்ளிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டாள். கதவு அவளுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

நான் கதவருகே போய் நின்றேன். அது என் இடம்.

முதலில் தட்டினாள், சாதாரணமாக. பிறகு உள்ளங்கையால் அடித்தாள். கண்ணாடியில் பார்த்தேன். கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். சுவாசக்குழாய் சுருங்கினால் பேச்சு வராது, ஐயா. விளையாட்டு டீச்சருக்கு இதெல்லாம் தெரியும். உதட்டின் நிறத்தைப் பார்த்தாலே எந்த அளவு என்று சொல்லிவிடலாம். சொல்லக்கூடிய அளவுக்கு நீலமாகத்தான் இருந்தது.

அந்த நேரத்தில் நான் என்ன யோசித்தேன் என்று கேட்டீர்கள். மற்ற பிள்ளைகளைப் பற்றி யோசித்தேன். கதவைத் திறந்தால் அவள் எல்லார் முன்னாலும் விழுவாள். யாராவது கத்துவார்கள். கூட்டம் வாசலுக்கு ஓடும், நெரிசலில் எத்தனை பேர் மிதிபடுவார்கள் சொல்லுங்கள். யாராவது ஆம்புலன்ஸுக்குப் போன் போடுவார்கள். சைரன் வரும். தலைவர் பக்கத்து ஊர்க்காரர்களோடு நின்று அதைக் கேட்பார். அதோடு எல்லாம் முடிந்தது. அடுத்த சனிக்கிழமை அத்தனை பிள்ளைகளும் பெட்ரோல் பங்குக்குப் பின்னால். ஒரு பக்கம் ஒருத்தி. இன்னொரு பக்கம் ஊர்ப்பிள்ளைகள் அத்தனை பேரும்.

சவுண்டு தம்பி மேடையிலிருந்து குனிந்து கேட்டான். "அக்கா, யாரோ கதவைத் தட்டுற மாதிரி இல்ல?"

"உன் ஸ்பீக்கர்தாம்ப்பா அதிருது" என்றேன்.

"ஸ்பீக்கர் இந்தப் பக்கம்ல இருக்கு?"

"சவுண்டைக் கூட்டு. பசங்க சோர்ந்து நிக்கிறாங்க பாரு."

கூட்டினான். அந்தப் பாட்டுக்குப் பிள்ளைகள் ஆடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கைதட்டியபடி என்னிடம் வந்து, "இவ்வளவு கூட்டம், ஒரு சின்ன தள்ளுமுள்ளுகூட இல்லையே, எப்படிங்க?" என்றார். பழக்கம்தான் என்றேன். முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டு பேசினேன். கதவு அதிர்வது முதுகில் தெரிந்தது. பாட்டின் தாளமும் அதுவும் ஒன்றோடொன்று சேரவே இல்லை. அது என்னைப் படுத்திவிட்டது. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. சேர்ந்து அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். பிறகு தாளம் மட்டும் மிஞ்சியது.

ஆட்டம் நல்லபடியாக முடிந்தது. தள்ளாமல், ஓடாமல், வரிசையாக வாசல் வழியே போனார்கள். போஸ்ட்மேன் மாமா கடைசிக் கும்பலுக்குப் பைகளைக் கொடுக்கிற அவசரத்தில் இருந்தார். அவருக்குப் பின்னால் கைநீட்டிப் பம்பரத்தின் பையை எடுத்தேன். முற்றத்துக்குப் போனேன். பையை அவள் பக்கத்தில் வைத்து, இன்ஹேலரை எடுத்துக் கை அருகே போட்டேன். பை கையில் இருந்தும் பிழைக்க முடியவில்லை என்றால், ஏற்பாட்டைக் குறை சொல்ல முடியாது. பிறகு நானே கேட்டைத் திறந்து, நானே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். கூடம் காலியாகிவிட்டிருந்தது. தலைவரும் விருந்தாளிகளும் போய்விட்டிருந்தார்கள். சைரன் போடாமல் வரச்சொன்னேன், பொழுது சாயும் நேரம், அக்கம்பக்கத்தில் கைக்குழந்தைகள் இருக்கின்றன என்று.

நீங்கள் முதலில் மாமாவைத்தான் பிடித்தீர்கள். அவள் கேட்டபோது பையைக் கொடுக்காமல் அசட்டையாக இருந்துவிட்டு, கடைசியில் பயந்துபோய்க் கொண்டுவைத்தார் என்று நினைத்தீர்கள். இதே அறையில் அவர் அழுததாகச் சொன்னார்கள். "புள்ள கேட்கவே இல்லைங்க. கேட்டிருந்தா என் உசுரைக் குடுத்திருப்பேனே" என்றாராம். நீங்கள் அப்படி நினைத்ததை நான் மறுத்துப் பேசவில்லை, உண்மைதான். வயதானவர், எப்படியும் வெளியே வந்துவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை ஆட்டம் தொடங்கும் முன்னால் அவளுக்காக மௌனமாக நின்றோம். எல்லாப் பிள்ளைகளும் அழுதார்கள். நன்றாக நடந்தது.

என்னை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வந்த வளையங்கள் எல்லாம் வாளியில் கிடந்தபடியே உங்கள் ஆட்கள் முத்திரை வைத்து எடுத்துப் போனார்கள். அன்றைய கூட்டத்துக்கு எல்லா வளையமும் போயிருந்ததால், பலகையில் ஒன்றே ஒன்றுதான் தொங்கியது. துடைத்து, எண் வெளியே தெரிய, அதற்குரிய ஆணியில். பம்பரத்தின் வளையம். பை போய்விட்டால் வளையம் பலகைக்குத் திரும்ப வேண்டும் என்பது என் கைக்குப் பழகிப்போயிருக்கிறது. அவள் கையிலிருந்து கழற்றியது நினைவிருக்கிறது, மாட்டியது நினைவில்லை. மாமா அதைப் பார்த்ததும், "நான் ஆணியில மாட்டுற ஆளே இல்லைங்க, அது டீச்சர் வேலை" என்றாராம். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

இப்போது எழுத்தர் படித்துக் காட்டிய வாக்குமூலத்தில் ஒரு திருத்தம் இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், பொய்யில் கையெழுத்துப் போட எனக்கு வராது. "கதவைத் திறக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. பக்கத்து ஊர்க்காரர் தண்ணீர் குடிக்க நகர்ந்தபோது ஒருமுறை திறந்தேன். ஓரடி அளவுக்கு. அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். நான் குனிந்து, "இப்ப அத்தை கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், சொல்லு" என்றேன். அவளால் சொல்ல முடியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

உடனே சாத்திவிடவில்லை, ஐயா. அவள் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், நிலையிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் கதவைச் சாத்தினேன். இல்லையென்றால் குழந்தையின் கை நசுங்கியிருக்கும்.