கூரைகளைக் கழிக்காத தெரு

"அத்தை, எங்க தெருவுக்குத் தண்ணி வருமா?"

"வராதும்மா. என் மேப்புல உங்க தெரு நல்ல மேடு."

"மழைக்கே மாமியார் நீங்க. நீங்க சொன்னா அது அடங்கித்தானே ஆகணும்," என்று போனில் சிரித்தாள் மருமகள். மழை பிடித்துக்கொண்ட முதல் நாள் காலை அது. வாய்த்துடுக்கு அவளுக்கு அழகாகத்தான் இருந்தது. அதை நான் மறுத்ததில்லை.

ஐயா, என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்கைக்கோள் நிலத்தை மேலிருந்து அளக்கிறது. அதற்குக் கூரையும் தரைதான். கட்டிட உயரத்தைக் கழித்து உண்மையான தரையைக் கண்டுபிடித்து, அதன்மேல் ஆற்றின் நீர்மட்டத்தைக் கணினியில் ஏற்றிப் பார்ப்போம். எந்தத் தெரு நீலமாகிறதோ, அதைக் காலி செய்யச் சொல்வார்கள். இருபத்திரண்டு வருடமாக இதில் என்னை ஒருவரும் குறை சொன்னதில்லை.

மகன் குடியிருந்த அந்த ஒரு தெருவுக்கு மட்டும் நான் கூரைகளைக் கழிக்கவில்லை. கூரை உயரமே தரையாகிவிட்டதால் அது நீலமாகவில்லை. மறதி என்று வாக்குமூலத்தில் என் வக்கீல் எழுதியிருக்கிறார். அடித்துவிடுங்கள். தெரிந்தேதான் விட்டேன்.

கல்யாணமான மறுமாதமே மகன் அங்கே வாடகைக்குப் போனான். மூன்று வருடம். திரும்பி வா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. பெற்றவள் கெஞ்சக் கூடாது. எச்சரிக்கை போயிருந்தால் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய், வெள்ளம் வடிந்ததும் அதே வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள். கட்டிலும் பீரோவும் ஊறி நாசமானால்தான் அந்த வீடு அவனுக்குக் கசக்கும். தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழங்கால் அளவுதான்.

என் கணக்கில் பிழையில்லை. பாலத்தடியில் அடைத்துக்கொண்ட குப்பையை எந்த வரைபடமும் காட்டாது. தண்ணீர் கூரையைத் தொட்டது. பதினோரு பேர். அவளும் அதில் ஒருத்தி. மகனுக்கு அன்று பகல் ஷிஃப்ட். அதை நான் முன்பே விசாரித்து வைத்திருந்தேன். முழங்கால் தண்ணீருக்கு அது எதற்கு என்று கேட்கிறீர்கள். தாய்க்கு அந்தக் கவலைகூட இருக்கக் கூடாதா?

நிவாரண முகாமில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். முந்தானையால் அவன் தலையைத் துவட்டினேன். தடுக்கவில்லை. மூன்று வருடமாகத் தொண்டையிலேயே நின்றதை அப்போதுதான் வாய்விட்டுக் கேட்டேன்.

"நம்ம வீட்டுக்கு வந்துடுப்பா."