பக்கம் மாறிய இருதயம்

12 மார்ச் 1953, வியாழன். ஆறு மணிக்குக் குளித்தேன், எட்டரைக்கு அலுவலகம். மாலை ஐந்தே முக்காலுக்கு ராயபுரத்தில் திருவொற்றியூர் பஸ் ஏறினேன். முன் சீட்டில் கடைகளுக்குப் போர்டு எழுதும் இருவர். விரலெல்லாம் பெயிண்ட். ஒருவர் சொன்னார்:

"கொழந்தையோட இருதயத்த வலது பக்கம் வெச்சு வரைஞ்சிட்டான், மாமு!"

"யாரு, நம்ம ஆறுமுகமா?"

"வேற யாரு? புள்ளைங்க ஆஸ்பத்திரிக்கு நிதி சேக்கணும், எக்ஸ்ரேவப் பாத்து ஒரு படம் போட்டுக் குடுன்னு டாக்டரம்மா என்ன வுட்டுட்டு அவனத்தானே கூப்ட்டுச்சு? பிலிமத் திருப்பிப் புடிச்சுகினு வரைஞ்சான். நான் அப்பவே பாத்தேன்."

"சொல்லலியா?"

"இன்னாத்துக்கு? ஊரே சிரிக்கட்டும்னு கம்முனு இருந்தேன்."

"சிரிச்சாங்களா?"

"எங்க! கண்ணாடில தன்னையே பாக்கற கொழந்த மாதிரி கீதுன்னு டாக்டரம்மா சொல்லிச்சு. நிதிக்கு வெச்ச படங்கள்ல மொதல்ல வித்ததே அதான்."

"நீ சொல்லியிருந்தா அவன் திருத்திக் கெடுத்திருப்பான், நைனா."

"அத்த நெனச்சாத்தான் வயிறு எரியுது, மாமு."

இருவரும் தண்டையார்பேட்டையில் இறங்கினார்கள்.

13 மார்ச், வெள்ளி. காலை முதல் வேலையாகச் சவரக் கண்ணாடி முன் நின்று இருதயத்தின் மேல் கை வைத்தேன். கண்ணாடியிலும் கை என் இடது பக்கமே தெரிந்தது; உள்ளே நிற்பவனுக்கோ அது வலது பக்கம்.