இடது காதில் கேட்ட காலடிகள்

என் பெயர் சண்முகவடிவு. வயது நாற்பத்து நான்கு. கணவர் பெயர் வீரய்யா. வட்டகொடைக்கு மேலே எங்கள் தோட்டத்தின் மேற்பிரிவான மேற்கணக்கில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தை அடுத்த லயத்தில் ஒரு காம்பராவில் குடியிருந்து கொழுந்து பறிக்கிறேன். 1981 செப்டெம்பரில் நான் பொய்யாகத் தப்புப் பறை அடித்து ஆட்களைக் கலைத்தேன் என்று அடுத்த காம்பரா நல்லமுத்து பொலிஸில் செய்த முறைப்பாட்டின் பேரில் இதைச் சொல்கிறேன்.

இந்த வருடம் சித்திரை தொடக்கம் என் இடது காதுக்குள் தொம், தொம் என்று ஒரு சத்தம் இருந்து வருகிறது. மலையில் நாலு பேர் பேச்சில் அது தெரியாது. காம்பராவில் அடங்கிப் படுத்தால் யாரோ வாசலில் நடப்பதுபோல் கேட்கும். கணவரிடம் சொன்னேன், அவர் பூண்டு எண்ணெய் காய்ச்சி விட்டார், அதற்குப் பின்பு அதைப்பற்றி நாங்கள் பேசவில்லை.

அதன் பின்பு சென்ற ஆகஸ்டில் தமிழர் லயங்களை எரித்த குழப்பத்தில் தப்பி வந்த ஒரு குடும்பம் எங்கள் லயத்தில் தங்கியது. தங்கள் லயத்தை எரிக்க வந்தவர்கள் கூச்சல் போடவில்லை என்றும், முதலில் கேட்டது காலடி மட்டுந்தான் என்றும் அந்தக் குடும்பத்துப் பெண் சொன்னாள். அவள் பிள்ளையின் புருவம் கருகியிருந்தது. அன்றிலிருந்து யாருக்குக் காலடி கேட்டாலும் பெரட்டுக்களத்தில் தொங்கும் தப்பை அடிக்க வேண்டும், எல்லோரும் அடுப்பை அணைத்துவிட்டுத் தேயிலைக்குள் இறங்க வேண்டும் என்று ஏற்பாடு. அந்த யோசனையைச் சொன்னவரே நல்லமுத்துதான்.

சம்பவ தினம் மாலை மூடுபனி இறங்கியிருந்தது. கணவர் மண்ணெண்ணெய் வாங்க வட்டகொடைக்குப் போயிருந்தார். நான் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறினேன். பாதி வழியில் பின்னால் காலடி கேட்டது. நின்று திரும்பினேன், பனியில் ஒன்றும் தெரியவில்லை, காலடி நிற்கவுமில்லை. நான் பயப்படப் பயப்பட அவர்கள் வேகமாக வந்தார்கள். குடத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தப்பை அடித்தேன்.

பழகிய சத்தந்தானே என்று ஐயா கேட்கிறீர்கள். பழகியதுதான். ஆனால் அன்றைக்கு அது ஓடியது. காதுச் சத்தம் ஓடும் என்று எனக்குத் தெரியாது.

அதன் பின்பு எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் இறங்கி மழையில் படுத்துக் கிடந்தோம். பக்கத்தில் கிடந்த எங்கள் லயத்துப் பூரணி என் கையைப் பிடித்து, "அக்கா, எனக்கும் கேக்குது" என்றாள். ஒருவரும் வரவில்லை. வெளியே வந்து தேடியபோது நல்லமுத்துவின் மனைவி ராசம்மா தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் விழுந்து தொடை முறிந்து கிடந்தாள். கத்தினால் ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

தோட்டத்து லொறியில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், நானும் போனேன். காதைப் பொத்திக்கொண்டு நின்ற என்னை டாக்டர் கூப்பிட்டு, காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, சவ்வுக்குப் பின்னால் சிவப்பாக ஏதோ துடிக்கிறது என்றார். அதன் பின்பு நெஞ்சில் வைக்கும் குழாயை என் காதுக்குப் பின்னால் வைத்துக் கேட்டார், நர்ஸையும் கேட்கச் சொன்னார். "இது ஒங்க ரத்தம் ஓடுற சத்தம்மா. எனக்கே கேக்குது" என்றார். அது இரத்தக் குழாய்க் கட்டி, அபூர்வமாகத்தான் வரும், கண்டிக்குப் போய் வெட்டி எடுக்க வேண்டும் என்றார்.

நல்லமுத்து அங்கேயே நின்றிருந்தார். "ஒன் காதுக்குள்ள வர்றவனுக்குப் பயந்தா எம் பொஞ்சாதி கால ஒடிச்ச?" என்று கேட்டார்.

பூரணிக்கும் கட்டியா என்று ஐயா கேட்கிறீர்கள். தெரியாது. அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

இப்போது தப்பைக் கழற்றிவிட்டார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும்போதும் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நாளைக்கு நிசமாகவே ஆட்கள் வந்தால், என் இரத்தந்தானே என்று அடுப்படியிலேயே இருந்துவிடுவேனோ என்று பயமாயிருக்கிறது.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கண்ணால் கண்டதாகச் சொன்னதெல்லாம் உண்மை. காதால் கேட்டதாகச் சொன்னதற்கு மட்டும் என்னால் சத்தியம் பண்ண முடியாது.

சண்முகவடிவு
(இடது பெருவிரல் அடையாளம்)