வெதுரு என்கிற பசு

"மாட்டோட பேர மாத்து. இல்லன்னா வித்துடு."

திருத்தணி பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரன் மனைவியை அதட்டினான். ஆந்திரமா மெட்ராஸா என்று எல்லைக் கிராமங்கள் அடித்துக்கொண்டிருந்த சமயம் அது.

"அது இன்னா பண்ணுச்சு?" என்றாள் அவள்.

"தெருவுல நின்னுகினு வெதுரு, வெதுருன்னு கூப்புடற. மெட்ராஸோட சேரணும்னு ஊரே கத்திக்கினு கீது. உன் கொட்டாயில தெலுங்குப் பேரான்னு நேத்து என் சட்டையப் புட்ச்சிட்டானுங்க."

பின்சீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்தார். "வெதுருன்னா இன்னாப்பா?"

"மூங்கிலு" என்றான், திரும்பாமலே.

"மூங்கிலும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள் அவள். "வெதுருகுப்பத்துலருந்து எங்க நைனா என்னோட ஓட்டிவுட்ட மாடு. வந்த ஊரு பேரச் சொல்லி உங்கம்மாதான் மொதல்ல கூப்ட்டுது."

"இனிமே லட்சுமின்னு கூப்புடு."

"சரி."

அவன் மூச்சு விட்டான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரயில்வே கேட்டில் பஸ் நின்றது.

"என்னையும் வெதுருகுப்பத்தாள்னுதான் ஊரே கூப்புடுது. கட்டிக்கினு வந்த நாளா ஒருத்தரும் என் பேரக் கேட்டதில்ல. என்னிய எந்தச் சந்தையில விக்கப்போற?"