பட்டன் இத்தாலில இருக்கா

கிரேஹவுண்டுக்கு உட்காரத் தெரியாது சார். நிக்கும், இல்லனா படுத்துரும். பின்னந்தொடை சதை அவ்ளோ இறுக்கம். பதினாறு வயசுல மாமா ஒரு பெட்ட நாயக் குடுத்தப்போ எனக்கும் இது தெரியாது. உட்காரு, உட்காருன்னு ஒரு சாயங்காலம் பூரா அது முன்னாடி நின்னுருக்கேன், லூசு மாதிரி.

அதுக்கப்புறம் வேற எதுலயும் மனசு போகல. ரேஸ்ல பெட்டிக் கதவு தொறந்ததும் ஆறு நாயும் சீறிக்கிட்டு வரும் பாருங்க, அதுக்காகவே குட்டி எடுத்தேன், வளத்தேன், மழைல நடத்துனேன். ஆனா ஒரு ஈத்துல எட்டுன்னா ரெண்டுதான் ஓடும். மிச்சம்? எங்க அயர்லாந்துல, டிப்பரரி பக்கம் யாரு கேட்டாலும் எல்லாரும் சொல்ற பதில் ஒண்ணுதான், இத்தாலிக்குத் தத்து குடுத்தாச்சு. நெஜமாவே அங்க எடுத்துக்கறாங்க சார். ஆனா ஊசி போடணும், கருத்தடை பண்ணணும், வேன்ல எடம் வர்ற வரைக்கும் சோறு போடணும். எனக்கு சலிச்சுப் போச்சு. வீட்டுக்குப் பின்னாடி சதுப்பு. அடுப்பெரிக்க மண்கட்டி வெட்டின பழைய குழிங்க, கருப்புத் தண்ணி. என்கிட்ட துப்பாக்கி இருந்துச்சு. வலியே இருக்காது.

பட்டன்னு ஒரு பெட்ட நாய், அதுல பாதிப் பங்கு பக்கத்து வீட்டு அம்மா அசம்ப்டாவோடது. ஸ்கூல்ல சமையல் பண்ணி ரிட்டயர் ஆனவங்க, தனி ஆளு. பட்டன் முழுக் கருப்பு, மாருல மட்டும் வட்டமா வெள்ளை. தினம் காலைல பிரெட்டக் கறிச்சாறுல ஊறவச்சு எடுத்துட்டு வருவாங்க. "நீ ஓடத்தான்டா சொல்லித்தருவ. இவ ரிட்டயர் ஆகட்டும், என் சோபால உட்கார நான் சொல்லித்தரேன்"ம்பாங்க.

அவங்க இடுப்பு ஆபரேஷனுக்குப் போயிருந்தப்ப, பட்டன் ஒரு ரேஸ்ல மொத வளைவுலயே பின்னங்கால ஒடச்சுக்குச்சு. கால் ஒடஞ்சா வழக்கமா என்ன பண்ணுவேனோ அதப் பண்ணேன். கை பழகிருச்சு. துப்பாக்கியத் தொடச்சு மாட்டுறப்பதான் அசம்ப்டா நெனப்பே வந்துச்சு.

இத்தாலின்னு சொன்னேன். மொதல்ல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாங்க, அப்புறம் வெயிலாவது கெடைக்கட்டும் அவளுக்குன்னாங்க. ஊரெல்லாம் சொல்லி, பாக்கப் போறேன்னு பிளைட் டிக்கெட்டே போட்டுட்டாங்க. சமாளிக்க, நெட்ல கெடச்ச ஒரு கருப்பு நாய் போட்டோவ அனுப்பினேன். அங்கதான் தப்பு பண்ணிட்டேன்.

மறுநாள் தடிய ஊனிட்டு வந்து நிக்கறாங்க.

"மாருல வெள்ளையே இல்லையேடா ஃபின்டன். நெஜத்தச் சொல்லு. நான் அழமாட்டேன்."

சொன்னேன். எடத்தக் காட்டச் சொன்னாங்க. வழுக்கும்னு கையப் புடிச்சுத்தான் கூட்டிட்டுப் போனேன். வெயில் காலம், குழித் தண்ணி வத்தியிருந்துச்சு. சதுப்பு எதையும் சீக்கிரம் அழுகவிடாது சார். பழசெல்லாம் அப்படியே கெடந்துச்சு.

"எத்தனடா?"

எண்ணினதில்லன்னேன்.

அவங்க அப்படியே சேத்துல உட்கார்ந்துட்டாங்க. இடுப்ப அப்படி மடக்கவே கூடாதாம், டாக்டர் சொல்லியிருக்காரு. எந்திரிக்க முடியல. அழமாட்டேன்னவங்க அழறாங்க. ஒரு உசுரு கஷ்டப்படறதப் பாத்துட்டு என்னால சும்மா நிக்க முடியாது, எப்பவுமே. வீட்டுக்குப் போய் துப்பாக்கிய எடுத்துட்டு வந்தேன். அவங்க அங்கேயேதான் இருந்தாங்க. வலியே இருந்திருக்காது.

அப்புறம் போஸ்ட்மேன் கேட்டாரு, என்ன அசம்ப்டா வீடு பூட்டியே கெடக்குன்னு. இத்தாலின்னேன். அவருக்கு அவ்ளோ சந்தோஷம் சார். யார் மனசும் நோகக்கூடாது எனக்கு.